என்லாஜருக்கு எந்தத் தலை? மாங்குளத்து இருட்டறையில் இருந்து ஒரு கணக்கு

மாமி கொண்டுவந்து தந்தது ஒரேயொரு நெகட்டிவ். ஆறுக்கு ஆறு சென்ரிமீற்றர் என்று சொல்லும் அளவு. பால்மா ரின் ஒன்றுக்குள் சொப்பிங் பையால் சுற்றி வைத்திருந்தார். 2009இல் அவர் எங்கெல்லாம் போனாரோ அங்கெல்லாம் அந்த ரின்னும் போய் வந்திருக்கிறது. வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தேன். ஒரு ட்ரக்டர், அதில் சாய்ந்தபடி தொப்பி போட்ட ஒரு இளந்தாரி. மாமியின் தம்பி. மாமா எடுத்த படம். நெகட்டிவ் மெலிந்து போயிருந்தது, ஒரு மூலையில் பூஞ்சணம், நடுவில் மூன்று நீளக் கீறல்.

"தம்பி, இதில முகம் வருமோ?" என்று கேட்டார்.

வரும் என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் என்னிடம் இருக்கிற என்லாஜரின், அதாவது நெகட்டிவைக் கடதாசியில் பெரிதாக்கி விழுத்தும் கருவியின், குமிழ் எரிந்துபோய் இரண்டு கிழமை என்பது நினைவுக்கு வந்தது.

அந்த என்லாஜரும் மாமாவுடையதுதான். செக்கோஸ்லோவாக்கியாவில் செய்த மெயொப்டா ஒப்பெமஸ். 2006இல் திருத்துவதற்காகக் கொழும்புக்குப் போனது. ஓகஸ்ட்டில் வடக்கையும் தெற்கையும் இணைக்கும் ஏ9 வீதி பூட்டுப்பட, அங்கேயே ஒரு உறவினர் வீட்டுக் கட்டிலுக்கு அடியில் கிடந்துவிட்டது. அதனால்தான் தப்பியது. மாமாவின் ஸ்ரூடியோவில் இருந்த மற்ற எதுவும் தப்பவில்லை. இப்போது அது எங்கள் வீட்டுச் சாமான் அறையில் நிற்கிறது. யன்னலுக்குக் கறுப்புப் பொலித்தீன், கதவின் கீழே பழைய சாரம் ஒன்று. அதுதான் இருட்டறை.

குமிழை மாற்றுவதா, குமிழ் இருக்கும் மேல்பகுதியான தலையையே மாற்றுவதா என்ற கேள்வியில் இருந்து தொடங்கியது இது. கறுப்பு வெள்ளைப் படம் அச்சிட இன்றைக்கு நாலைந்து விதமான ஒளித் தலைகள் இருக்கின்றன. எல்லாவற்றையும் பற்றி வெளிநாட்டுக்காரர்கள் நிறைய எழுதியிருக்கிறார்கள். ஆனால் அவர்களின் இருட்டறையில் வோல்ற்றேஜ் ஆடுவதில்லை, கிரவல் றோட்டுப் புழுதி கூரை இடுக்கால் இறங்குவதில்லை. அவர்கள் கணக்கில் எடுக்காததே இங்கே முடிவைத் தீர்மானிக்கிறது.

முதலில் கடதாசியைப் பற்றி இரண்டு வரி. கொன்ட்ராஸ்ட்டை, அதாவது கறுப்புக்கும் வெள்ளைக்கும் உள்ள வித்தியாசத்தை, மாற்றக்கூடிய கடதாசியை இல்போர்ட் நிறுவனம் மல்ட்டிகிரேட் என்ற பெயரில் 1940இல் கொண்டுவந்தது. கொன்ட்ராஸ்ட்டின் அளவைக் கிரேட் என்பார்கள், 00 மிக மென்மை, 5 மிகக் கடுமை. அதற்கு முன் ஒவ்வொரு கிரேட்டுக்கும் ஒவ்வொரு பெட்டி வாங்க வேண்டும். இந்தக் கடதாசியில் பூசிய மருந்து ஒன்றல்ல, இரண்டு மூன்று கலந்தது. எல்லாமே நீல ஒளிக்கு அசையும். ஆனால் பச்சைக்கு ஒன்று நன்றாக அசையும், இன்னொன்று அவ்வளவாக அசையாது. வெறும் நீலம் பட்டால் எல்லாம் ஒரே நேரத்தில் கறுத்துப் படம் கடுமையாக வரும். வெறும் பச்சை பட்டால் ஒன்றுக்குப் பின் ஒன்றாகக் கறுக்கும், படம் மென்மையாக வரும். இரண்டையும் எந்த அளவில் கலக்கிறோமோ அதுதான் கிரேட். இதைப் பிடித்துக்கொண்டால் தலைகளைப் பற்றிய பேச்சில் பாதி விளங்கிவிடும். எல்லாத் தலையும் செய்வது ஒரே வேலை, நீலத்தையும் பச்சையையும் வேண்டிய அளவில் விடுவது.

இனி ஒவ்வொன்றாக.

இருக்கிற தலையை அப்படியே வைத்து, புதுக் குமிழ் போட்டு, மல்ட்டிகிரேட் பில்டர்களைப் பாவிப்பது முதல் வழி. மலிவும் இதுதான். 00 தொடக்கம் 5 வரை அரைக் கிரேட் இடைவெளியில் பன்னிரண்டு பில்டர். மஞ்சளில் தொடங்கி மஜெண்டாவில் முடியும். என்லாஜரின் பில்டர் தட்டில் வைத்தால் சரி. 00 முதல் 3½ வரை ஒரே நேரம், 4 முதல் 5 வரை இரட்டிப்பு நேரம், அவ்வளவுதான் கணக்கு. இதில் படித்துக்கொள்ளாமல் வேறு தலைக்குப் போவது, சைக்கிள் ஓடத் தெரியாமல் மோட்டர் சைக்கிள் வாங்குவது மாதிரி. நானும் இரண்டு வருடம் இதில்தான் ஓடினேன்.

பிரச்சினை குமிழில் இருக்கிறது. என்லாஜருக்கென்று வரும் பால்நிறக் குமிழ் மாங்குளத்தில் இல்லை, கிளிநொச்சியிலும் இல்லை, வவுனியாவிலும் தேடிப் பார்த்துவிட்டேன். வீட்டுக்குப் போடுகிற குமிழில் கண்ணாடியின் மேல் எழுத்து அச்சடித்திருப்பார்கள், அது படத்தின் வானத்தில் நிழலாக விழும். இதைக்கூடச் சமாளிக்கலாம். சமாளிக்க முடியாதது வோல்ற்றேஜ்.

சென்ற வருடம் ஒரு மாலையில் ஒரே நெகட்டிவில் இருந்து ஐந்து படம் அடித்தேன். எல்லாம் ஒரே நேரம், ஒரே பில்டர், ஒரே தட்டு மருந்து. காய்ந்த பிறகு வரிசையாக வைத்துப் பார்த்தால் முதல் இரண்டும் சரி, அடுத்த மூன்றும் வெளிறி, சோர்ந்து, யாரோ சவர்க்காரத் தண்ணீரில் கழுவியது போல இருந்தன. மருந்துதான் களைத்துவிட்டது என்று ஊற்றிவிட்டுப் புதிதாகக் கலந்தேன். அடுத்த நாளும் அதே மணிக்கு அதே கதை. பிறகு மீற்றரைச் செருகிப் பார்த்தபோது 230 இருக்க வேண்டிய இடத்தில் 205. ஆறரை மணிக்கு ஊர் முழுக்க லைட்டைப் போடுகிறது, பக்கத்து ஆலையும் ஓடுகிறது.

இழைக் குமிழில் வோல்ற்றேஜ் பத்து வீதம் விழுந்தால் வெளிச்சம் பத்து வீதம் குறைவதில்லை, ஏறக்குறைய முப்பது வீதம் குறையும். அதாவது அரை ஸ்ரொப் (வெளிச்சம் பாதியாவது ஒரு ஸ்ரொப்). அதோடு முடியாது. இழையின் சூடு குறைய ஒளி சிவக்கும், நீலம் முதலில் போகும். நீலம் போனால் கொன்ட்ராஸ்ட் போகும். படம் வெளிறியதும் சோர்ந்ததும் இரண்டு வேறு நோயல்ல. கிரேட் 2இல் இதைக் கண் கொஞ்சம் மன்னிக்கும். மாமியின் நெகட்டிவ் மாதிரி மெலிந்ததைக் கிரேட் 5இல் அடிக்கும்போது அரை ஸ்ரொப் என்பது முகம் இருப்பதும் இல்லாததும்.

இந்தத் தலையில் இன்னொரு பிரச்சினை கொன்டென்சர். லென்ஸ் வைத்து ஒளியை நேராகக் குவித்து அனுப்பும் தலையில் நெகட்டிவின் வெள்ளித் துகள்கள் ஒளியைச் சிதறடிக்கின்றன. கறுப்பு அதிகமான இடத்தில் சிதறலும் அதிகம், அதனால் கொன்ட்ராஸ்ட் கூடும். கலியர் என்பவர் 1909இல் அளந்து எழுதியது, அவர் பெயராலேயே கலியர் விளைவு என்கிறார்கள். கொன்ட்ராஸ்ட் கூடினால் பில்டரால் குறைத்துக்கொள்ளலாம். கீறலை என்ன செய்வது? நேராக வரும் ஒளி கீறலில் பட்டு விலகிப் போய்விடும், படத்தில் வெள்ளைக் கோடு விழும். தூசியும் அப்படித்தான், ஒவ்வொரு துகளும் தன் பெயரை எழுதிவிட்டுப் போகும். எங்கள் வீடு முல்லைத்தீவு றோட்டுக்கு முந்நூறு யார் உள்ளே, நடுவில் கிரவல் ஒழுங்கை. ஆடி மாதக் காற்றில் மேசையைத் துடைத்துவிட்டுத் திரும்பினால் விரலால் கோலம் போடலாம். பல திசையாலும் பரவி வரும் ஒளியில், நெகட்டிவின் பளபளப்புப் பக்கத்துக் கீறலும் தூசியும் பெரிதாக அடங்கிவிடும். வெள்ளித் துகள் இருக்கும் மருந்துப் பக்கமே உரிந்த கீறலுக்கு எந்தத் தலையாலும் வைத்தியம் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். மாமியின் மூன்று கீறலில் இரண்டு பளபளப்புப் பக்கம்.

ஆக, பரவிய ஒளி வேண்டும், அது வோல்ற்றேஜுக்கு ஆடக் கூடாது. இந்த இரண்டு நிபந்தனையோடு மற்றத் தலைகளைப் பார்த்தேன்.

கலர் தலை பலருக்கும் நல்ல தெரிவு. டர்ஸ்ட், மெயொப்டா, எல்பிஎல் என்று பழையது கிடைக்கும். ஹலஜன் குமிழ், கலவைப் பெட்டி, மஞ்சளும் மஜெண்டாவும் சக்கரத்தைத் திருப்பினால் உள்ளே இறங்கும். ஒளி பரவித்தான் வருகிறது. ஆனால் ஹலஜனும் இழைக் குமிழ்தான், வோல்ற்றேஜ் விழுந்தால் அதுவும் சிவக்கும், வோல்ற்றேஜை நிலையாக வைக்கும் ஸ்ரெபிலைசர் இல்லாமல் இங்கே வைத்திருக்க முடியாது. மஜெண்டாவை முழுக்கத் திருகினாலும் பல தலைகள் கிரேட் 5ஐ எட்டுவதில்லை. எனக்கு வேண்டியதே அந்த முனைதான். இல்போர்ட்டே நீலத்துக்கு ஒன்று, பச்சைக்கு ஒன்று என்று இரண்டு ஹலஜன் குமிழ் வைத்து 500 என்ற தலையைச் செய்தது. யோசனை அருமை. ஆனால் சூடும் கரண்டும் ஹலஜனுக்கு உரிய சூடும் கரண்டும்தான். சித்திரை மாதம் ஜன்னல் அடைத்த அறைக்குள் அப்படி ஒன்றைக் கொளுத்த எனக்கு மனம் வரவில்லை.

அப்போதுதான் ரொறன்ரோவில் இருக்கும் மச்சான் கோல் எடுத்தான். "இஞ்ச ஒருத்தர் கோல்ட் லைட் தலை விக்கிறார். பெட்டிக்குள்ள போட்டு அனுப்பட்டே?" என்றான்.

கோல்ட் லைட் என்ற சொல்லைக் கேட்டாலே பழைய அச்சுக்காரர்களுக்கு ஒரு பக்தி வரும். மெல்லிய கண்ணாடிக் குழாயைக் கோலம் மாதிரி மடித்து மடித்துச் சதுரமாக்கி, உள்ளே பாதரச ஆவி அடைத்து, உயர்ந்த வோல்ற்றேஜில் ஒளிர வைப்பது. பெயர்ப் பலகை நியோன் ரியூப்பின் ஒன்றுவிட்ட தம்பி. சூடு குறைவு, அதனால் நெகட்டிவ் வளையாது. ஒளி முழுக்கப் பரவியது, கீறல்களுக்கு இதைவிட நல்ல மருந்து அந்தக் காலத்தில் இருக்கவில்லை. அமெரிக்காவின் அரிஸ்டோ இதில் பேர்போன பெயர்.

சிக்கல் மாற்றக்கூடிய கடதாசியோடு வருகிறது. அரிஸ்டோவின் பழைய டபிள்யூ45 ரியூப் நீலம் மிகுந்தது, சாதாரண கிரேட் கடதாசிக்காகச் செய்யப்பட்டது. அதோடு மல்ட்டிகிரேட் பில்டரை வைத்தால் பில்டரில் எழுதியிருக்கும் இலக்கமும் கிடைக்கிற கிரேட்டும் ஒன்றாக இராது, மேலே ஒரு மஞ்சள் பில்டரையும் நிரந்தரமாக வைக்க வேண்டி வரும். பிறகு வந்த வி54 பச்சையும் கலந்தது, அதற்கு வழமையான பில்டர்களே போதும். பழைய தலை வாங்குகிறவர் கேட்க வேண்டிய முதல் கேள்வி, உள்ளே எந்த ரியூப் என்பதுதான். விற்கிறவருக்குப் பல வேளை அது தெரியாது.

மூன்றாவது வகைதான் மச்சான் சொன்னது. ஒரே தலைக்குள் நீல ரியூப் ஒன்று, பச்சை ரியூப் ஒன்று, இரண்டுக்கும் தனித்தனித் திருகி. அரிஸ்டோவும் ஸோன் சிக்ஸ் நிறுவனமும் இப்படிச் செய்தன. பில்டரே தேவையில்லை. கேட்க ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் இரவு படுக்கையில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். இந்தக் குழாய்களின் வெளிச்சம் குழாயின் சூட்டைப் பொறுத்து ஏறி இறங்கும். போட்டவுடன் ஒன்று, பத்து நிமிசம் கழித்து ஒன்று. அதனால் உள்ளே சூடாக்கி வைப்பார்கள், அல்லது ஒளியைக் கண்காணிக்கும் கண் ஒன்றை வைத்து நேரத்தைத் திருத்துவார்கள். இரண்டு குழாய் இருக்கும் தலையில் ஒன்று மற்றதைவிடச் சற்று வேறாக ஏறினாலே கொன்ட்ராஸ்ட் நகர்ந்துவிடும். அதைக் கட்டுப்படுத்தும் சேர்க்கிற் பலகை முப்பது வருடப் பழசு. கனடாவில் 120 வோல்ற், இங்கே 230, நடுவில் ட்ரான்ஸ்போமர் ஒன்று வேண்டும். கண்ணாடிக் குழாய், பாதரசம், கட்டுநாயக்கா விமான நிலையத்தில் இருந்து இரவு பஸ். உடைந்தால் அதே குழாயை எங்கே தேடுவேன்? கிளிநொச்சியில் றேடியோ திருத்துகிற அண்ணையிடம் கேட்டேன். படத்தைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "உயர் வோல்ற்றேஜ் சாமான். நான் தொடமாட்டன் தம்பி, நீரும் தொடாதையும்" என்றார்.

மச்சானுக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அமெரிக்காவிலோ கனடாவிலோ நல்ல நிலையில் ஒன்று கைக்கு எட்டும் தூரத்தில் கிடைத்தால், கரண்ட் ஒழுங்காக வரும் இடத்தில் இருந்தால், எடுங்கள், நான் தடுக்கமாட்டேன். பழையதை நேசிக்கிறவர்களுக்கு அது நல்ல கருவி. வன்னிக்கு அல்ல.

இடையில் ஒரு குறுக்கு வழியும் பார்த்தேன். வீட்டுக்குப் போடும் வட்ட ரியூப் லைட்டை ஒரு கேக் ரின்னுக்குள் பொருத்தினேன். பாதரசத்தின் 436 நனோமீற்றர் நீலமும் 546 பச்சையும் அதிலும் உண்டு, பில்டர் வேலை செய்தது. ஆனால் போட்டு ஒரு நிமிசம் வரை வெளிச்சம் ஏறிக்கொண்டே இருந்தது, நிறுத்திய பிறகும் பூச்சு மினுங்கியது. கடதாசியைக் கறுப்பு மட்டையால் மூடி, திறந்து, எண்ணி, மூடி... இரண்டு இரவில் கை ஓய்ந்துவிட்டது.

தொழிற்சாலையில் செய்த எல்.ஈ.டி தலையைப் பற்றி அதிகம் சொல்ல எனக்குத் தகுதி இல்லை, விலையைப் பார்த்ததோடு சரி. ஜேர்மனியின் ஹைலன்ட் பல என்லாஜர்களுக்குப் பொருந்துகிற மாதிரி செய்கிறது. பிரிட்டனின் இன்ரெபிட் தன் என்லாஜரிலேயே எல்.ஈ.டியைத்தான் வைத்திருக்கிறது. ஹைலன்டுக்குக் கொடுக்கும் காசில் இங்கே நல்ல நிலையில் ஒரு ஸ்கூட்டர் வாங்கலாம், சுங்கத் தீர்வை வேறு. அச்சடித்துச் சம்பாதிக்கிறவர் வாங்கட்டும்.

மிஞ்சியது, நானே கட்டுவது.

சாமான் பெரிதாக எதுவும் இல்லை. பத்துக்குப் பத்து சென்ரிமீற்றர் அலுமினியத் தகடு, மூன்று நிறம் உள்ள 12 வோல்ற் எல்.ஈ.டி நாடா. ஓட்டோக்காரர்கள் அலங்காரத்துக்கு ஒட்டுகிற அதே நாடா, மீற்றருக்கு 60 குமிழ் உள்ளது. அதை ஐந்து சென்ரிமீற்றருக்கு ஒருமுறை வெட்டலாம், அகலம் ஒரு சென்ரிமீற்றர். ஆகவே பத்து சென்ரிமீற்றர்த் துண்டு பத்து எடுத்து அடுக்கினால் தகடு நிறைந்துவிடும். மொத்தம் ஒரு மீற்றர், அறுபது குமிழ். ஒரு நிறத்துக்கு 4.8 வாட், அதாவது 0.4 அம்பியர். மாமாவின் பழைய குமிழ் 75 வாட்.

கணினிக் கடைகளில் விற்கும் எட்டுக்கு எட்டுப் பலகையை முதலில் வாங்கி ஏமாந்தேன் என்பதையும் எழுதிவிடுகிறேன். அது ஆறரை சென்ரிமீற்றர்ச் சதுரம். 35 மில்லிமீற்றர் நெகட்டிவுக்குத் தாராளம். ஆறுக்கு ஆறின் படம் 56 மில்லிமீற்றர்ச் சதுரம், மூலைக்கு மூலை எட்டு சென்ரிமீற்றர். நாலு மூலையும் இருண்டுவிட்டது. ஒளிப் பலகை நெகட்டிவின் மூலைவிட்டத்தைவிடப் பெரிதாக இருக்க வேண்டும், சற்றே பெரிதாக அல்ல, நன்றாகவே.

நாடாவுக்குக் கீழே மூன்று சென்ரிமீற்றர் இடைவெளி விட்டு மூன்று மில்லிமீற்றர்ப் பால்நிற அக்ரிலிக். பெயர்ப் பலகை செய்கிற கடையில் வெட்டித் தந்தார்கள். பெட்டியின் உட்பக்கம் வெள்ளைப் பெயின்ற், பளபளப்பில்லாதது. சீராக இருக்கிறதா என்று பார்க்க, நெகட்டிவ் இல்லாமல் ஒரு கடதாசியை நடுத்தரச் சாம்பல் வரும்வரை அடிக்க வேண்டும். கண்ணுக்குச் சமமாகத் தெரிகிற வெளிச்சம் கடதாசியில் சமமாக இருப்பதில்லை. என் முதல் சாம்பல் தாளில் பத்து வரி தெரிந்தது, நாடாவின் வரி. அக்ரிலிக்கை இன்னும் இரண்டு சென்ரிமீற்றர் இறக்கியதும் மறைந்தது. இரண்டாவது தாளில் ஒரு மூலையில் வளைந்த வால் ஒன்று தெரிந்தது. அரை மணித்தியாலம் வயரிங்கைத் தேடினேன். பல்லி. தலைக்குள் குளிராக இருக்கும் என்று குடியேறியிருக்கிறது போல. இப்போது வயர் ஓட்டையைப் பஞ்சால் அடைத்துவிட்டேன்.

ஒளியை மாற்றுவதற்குப் பலர் மைக்ரோகொன்ட்ரோலர் வைத்து நீலத்தையும் பச்சையையும் ஒரே நேரத்தில் 255 படியில் கலக்கிறார்கள். அழகான வேலை. ஆனால் அவசியமில்லை என்பது என் அபிப்பிராயம். பச்சையை இத்தனை செக்கன், பிறகு நீலத்தை இத்தனை செக்கன் என்று தனித்தனியே கொடுத்தால் கடதாசிக்கு இரண்டும் ஒன்றுதான். 00, 5 என்ற இரண்டு பில்டரால் பிரித்து அடிக்கும் பழைய முறைதான் இது, பில்டரைத் தொட்டு என்லாஜரை அசைக்க வேண்டியதில்லை என்பது மட்டும் வித்தியாசம். என் பெட்டியில் ஆர்டுயினோ என்ற சின்ன மைக்ரோகொன்ட்ரோலர் பலகை ஒன்று, சுவிட்ச்சாக வேலை செய்யும் மொஸ்பெட் இரண்டு, பொத்தான் இரண்டு. ஆர்டுயினோ வெறும் ரைமர். அது செத்தாலும் சுவிட்ச்சும் மணிக்கூடும் வைத்து அடித்துவிடலாம்.

இனி நான் பெருமையாகச் செய்து முகம் கறுத்த இடம். வோல்ற்றேஜில் இருந்து தப்பிவிட்டேன் என்று நாடாவை நேரே பற்றரியில் கொடுத்தேன், சோலர் தகட்டில் ஏறுகிற 12 வோல்ற் பற்றரி. படங்கள் திரும்பவும் ஆடின! யோசித்தால் காரணம் நாடாவிலேயே இருக்கிறது. மூன்று குமிழ் வரிசையாக ஒன்பதரை வோல்ற் அளவில் எடுத்துக்கொள்ளும், மிச்சத்தைச் சின்ன ரெசிஸ்டர் தாங்கும். ஓட்டத்தைத் தீர்மானிப்பது அந்த மிச்சம்தான். பற்றரி 12.6 இலிருந்து 11.8க்கு இறங்கினால் மொத்தத்தில் ஆறு வீதம்தான், ஆனால் மிச்சத்தில் கால்வாசி போய்விடும், வெளிச்சமும் கால்வாசி போகும். வெயில் நேரத்தில் சோலர் 14க்கு மேலே ஏற்றினால் மறுபக்கம். ஆகவே நடுவில் ஒரு ரெகுலேற்றர் கட்டாயம், உள்ளே எது வந்தாலும் வெளியே 12.0 கொடுக்கிற, கூட்டவும் குறைக்கவும் தெரிந்த வகை. சின்னச் சாமான், கொழும்பில் இருந்து தபாலில் வந்தது. அது வந்த பிறகு ஒரு மாலை முழுக்க அடித்த பன்னிரண்டு தாளும் ஒன்றுபோல் இருந்தன.

எந்த நிறம் எந்தக் கிரேட் என்று பார்க்க 21 படி கொண்ட சாம்பல் அளவுகோல் ஒன்று உதவும். ஒவ்வொரு படியும் அரை ஸ்ரொப். அதைக் கடதாசியோடு ஒட்ட வைத்து அடித்து, தூய வெள்ளைக்கும் முழுக் கறுப்புக்கும் நடுவே எத்தனை படி தெரிகிறது என்று எண்ண வேண்டும். கிரேட் 2 என்றால் ஏழு படி அளவு, 00 என்றால் பன்னிரண்டு, 5 என்றால் மூன்றுக்குள். என் நீலம் மூன்று படி காட்டியது, அதாவது 5. சந்தோசம். பச்சை ஒன்பதோடு நின்றுவிட்டது, கிரேட் 1ஐத் தாண்டி மென்மையாகவில்லை. பச்சை எல்.ஈ.டியின் ஒளி 525 நனோமீற்றரைச் சுற்றி இருந்தாலும் அதன் வால் நீலப் பக்கம் நீள்கிறது, கடதாசி அந்த வாலைக் கண்டுபிடித்துவிடுகிறது. பழைய 00 பில்டரை, அந்த மஞ்சள் தாளை, பச்சைக்கு மட்டும் தட்டில் வைத்ததும் வால் அறுந்து பதினொரு படி வந்தது. நேரம் கொஞ்சம் கூடும். என் நெகட்டிவ்களுக்கு அது மாதத்தில் ஒருமுறைதான் தேவைப்படுகிறது.

சிவப்பை வீணாக்கவில்லை. படத்தைக் கடதாசியில் ஒழுங்குபடுத்தும்போது சிவப்பைப் போட்டுக்கொள்கிறேன். நம்புவதற்கு முன் ஒரு துண்டுக் கடதாசியில் ஐந்து ரூபாய்க் குற்றியை வைத்து ஐந்து நிமிசம் சிவப்பின் கீழ் விட்டுப் பார்த்தேன். வட்டம் விழுந்தது, ஆனால் சிவப்பால் அல்ல. ரெகுலேற்றரில் இருந்த சின்ன நீலக் குமிழ்தான் விழுத்தியது. அதைக் கறுப்பு ரேப்பால் மூடினேன்.

யாருக்கு எது என்று கேட்டால் இப்படிச் சொல்வேன். மாதத்துக்கு ஒருமுறைக்குக் கீழே அச்சிடுகிறவர் தலையைத் தொடவே வேண்டாம். பில்டர் பெட்டியும் நல்ல ஸ்ரெபிலைசரும் வாங்கி, ஆலை ஓடாத நேரமாகப் பார்த்து, இரவு பத்துக்குப் பிறகு அடியுங்கள். தண்ணீரும் அப்போதுதான் கொஞ்சம் குளிரும். 20 பாகையில் ஒரு நிமிசம் என்று மருந்துப் போத்தலில் எழுதியிருப்பது இங்கே மண்பானைத் தண்ணீரில்கூடக் கிடைக்காது, 24, 25தான். கலர் தலை ஒன்று ஏற்கெனவே கையில் இருப்பவர் அதை விற்கவும் வேண்டாம். ஹலஜனுக்கு நிலையான கரண்ட் கொடுக்க வழி பார்த்தால் போதும். சோல்டர் பிடிக்கத் தெரிந்தவர், அல்லது அப்படி ஒரு அண்ணை பக்கத்தில் இருப்பவர், எல்.ஈ.டியைக் கட்டலாம். முக்கால்வாசிச் சாமான் ஓட்டோ அலங்காரக் கடையிலும் பெயர்ப் பலகைக் கடையிலும் இருக்கிறது, பழுதானாலும் அங்கேயே இருக்கும். முழுச் செலவும் ஒரு பெட்டிக் கடதாசியின் விலைக்குள் முடிந்தது.

மாமா இருந்திருந்தால் சிரித்திருப்பார். கரண்ட் இல்லாத காலத்தில் அவர் மண்ணெண்ணெயில் ஓடுகிற ஜெனரேற்றரை வைத்து அடித்தவர். அது இருமும்போதெல்லாம் கையால் கடதாசியை மறைத்து, இருமி முடிய எடுப்பாராம். ரைமர் என்று ஒன்றை அவர் வைத்திருந்ததே இல்லை.

மாமியின் நெகட்டிவுக்கு நீலம் 16 செக்கன், பச்சை 3. தொப்பியின் கீழே முகத்தை மட்டையால் மறைத்து நீலத்தில் இரண்டு செக்கன் குறைத்தேன். இரண்டு கீறல் போய்விட்டது, மருந்துப் பக்கத்தது காதுக்கு மேலே மயிர்க் கோடாக நின்றது. மாமி படத்தை வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் நெடுநேரம் பார்த்தார். பிறகு முகத்தை அல்ல, நெஞ்சுப் பக்கத்தைத் தொட்டுக் காட்டினார்.

"சேட்டில ஒரு பொத்தான் இல்லை, பாத்தனீரோ? தைச்சுத் தாறன் எண்டு நான்தான் சொன்னனான்."

நாலு பிரதி கேட்டார், பிள்ளைகளுக்கு அனுப்ப. மூன்றாவதை அடித்துக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனது. மின்விசிறி நின்றது, பக்கத்து வீட்டு ரீவி நின்றது, கீழே நீலம் தன் பதினாறையும் எண்ணி முடித்தது. நாலாவதையும் அந்த இருட்டிலேயே அடித்து, காய்ந்த பிறகு முதலாவதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். எது எது என்று தெரிய, பின்பக்கம் பென்சிலால் இலக்கம் போட வேண்டியிருந்தது.